மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை என்று கடிதம் வந்த பிறகு

எனக்கு வந்த கடிதம் ஒரே ஒரு தாள். உறையைக் கையில் வாங்கியபோதே விஷயம் புரிந்துவிட்டது. கிடைத்திருந்தால் நிரப்பி அனுப்ப ஒரு படிவமும் சேர்த்து வைத்திருப்பார்கள், உறை தடியாக இருந்திருக்கும். ‘வருந்துகிறோம்’ என்ற சொல் மூன்றாவது வரியில் இருந்தது. என் பெயரில் ஓர் எழுத்துப்பிழை. அதனால் இது வேறு யாருக்கோ வர வேண்டிய கடிதமாக இருக்குமோ என்று அரை நிமிடம் நம்பினேன். விண்ணப்ப எண்ணைச் சரிபார்த்ததும் அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஏழு ஆண்டுகளாக அங்கே ஸ்காலர்ஷிப் தேர்வுக் குழுவிலும் இருக்கிறேன். முடிவு வெளியாகும் வாரத்தில் யாராவது ஒரு மாணவரோ மாணவியோ என் அறை வாசலில் தயங்கி நிற்பது வழக்கம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் எந்த முடிவும் எடுக்காதீர்கள். கல்லூரிக்குப் பதில் எழுத வேண்டாம். ‘எனக்கு இந்த சீட்டும் வேண்டாம்’ என்று போர்ட்டலில் எதையும் அழுத்த வேண்டாம். விண்ணப்பத்துக்காகச் சேர்த்த காகிதங்களைக் கிழிக்கவோ கோப்புகளை அழிக்கவோ வேண்டாம். நான் கிழித்தேன். ஆறு முறை திருத்தி எழுதிய கட்டுரை அது, நல்ல பிரதி அது ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்து வேறொரு ஸ்காலர்ஷிப்புக்கு ஏறக்குறைய அதே கேள்வி வந்தது. ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதினேன், பழைய கட்டுரையில் பாதி அளவுக்குக்கூட வரவில்லை.

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ‘ஒரு ஸ்காலர்ஷிப்புக்கா இவ்வளவு?’ என்று யாராவது கேட்பார்கள். நீங்கள் இழந்தது பணத்தை மட்டுமா? அந்தப் பணத்தை நம்பி மனதுக்குள் ஒரு வருடமாகக் கட்டி வைத்த திட்டம் முழுவதும் அல்லவா போகிறது? வருத்தம் பெரிதாக இருப்பது இயல்புதான்.

ஆனால் அந்த வருத்தத்துக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ‘ஃபீஸ் எப்படிக் கட்டுவது?’ என்ற கவலை. இன்னொன்று, ‘அப்படியென்றால் நான் அவ்வளவு நல்ல மாணவி இல்லையா?’ என்ற வலி. முன்னதற்குக் கணக்கும் தேதிகளும் வேண்டும், இரண்டு மூன்று நாளில் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். பின்னதற்கு நாள் பிடிக்கும், அவசரப்படுத்தினால் ஆறாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போதுதான் தப்பான முடிவுகள் பிறக்கின்றன. வலி தாங்காமல் நல்ல சீட்டை விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘நான் யார் என்று காட்டுகிறேன்’ என்று கட்டவே முடியாத கடனை வாங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் சொல்வதைத் தள்ளிப் போடாதீர்கள். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கட்டாயம் கிடைத்துவிடும் என்று அவர் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

“அப்பா, ஸ்காலர்ஷிப் கிடைக்கலை.”

அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடிப்பு மாறாமல் மடித்துத் திரும்ப உறைக்குள் போட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“சீட் இருக்குல்லம்மா?”

“இருக்கு.”

“அதை உறுதி பண்ணக் கடைசித் தேதி என்னைக்கு?”

நான் பார்த்திருக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் இன்னும் ஐந்தே நாள்தான் இருந்தது.

துக்கத்தில் பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலான இடங்களில் அட்மிஷன் வேறு, ஸ்காலர்ஷிப் வேறு. ஸ்காலர்ஷிப் இல்லை என்று வந்த கடிதத்தால் சீட் போய்விடாது, ஆனால் சீட்டுக்கான கெடு நீங்கள் அழுது முடிக்கும் வரை காத்திருக்கவும் செய்யாது. கடிதம் வந்த அன்றே எல்லாக் கல்லூரிகளின் கெடு தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொல்லி வீட்டில் யாரிடமாவது பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். உங்களால் முடியாத நாளில் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ‘இந்த முறை கிடைக்கலை, வேறு இடங்களில் போட்டிருக்கேன்’ என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொருவரிடமும் நீங்கள் மறுபடி தேர்வு எழுத வேண்டியிருக்கும். வீட்டிலும் அந்த ஒரு வரியையே சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது நாள், மனம் சற்று ஆறிய பிறகு, கடிதத்தை மறுபடி எடுங்கள். கையில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு படியுங்கள். ‘இல்லை’ என்பதிலும் வகைகள் உண்டு. ‘தகுதி பெறவில்லை’ என்றால் ஏதோ ஒரு நிபந்தனையோ ஆவணமோ பொருந்தவில்லை என்று அர்த்தம். சான்றிதழ் வந்து சேராமல் போயிருக்கலாம், மதிப்பெண் தவறாகப் பதிவாகியிருக்கலாம், அதையெல்லாம் உடனே கேட்டுவிட வேண்டும். ‘தேர்வு செய்யப்படவில்லை’ என்றால் போட்டியில் இருந்தீர்கள், இடம் தீர்ந்துவிட்டது. ‘காத்திருப்போர் பட்டியல்’ என்ற சொல் எங்காவது தென்பட்டால் கதவு இன்னும் மூடவில்லை. தேர்வான சிலர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள், அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்கு வரலாம். அதற்காக மற்ற கெடுக்களை விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

இனி அந்த வலியைப் பற்றி. தேர்வு அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அது கொஞ்சமாவது குறையும் என்று நம்புகிறேன். எனக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

ஒரு வருடம் எங்களுக்குப் பன்னிரண்டு இடங்கள். பன்னிரண்டாவதாக இருந்த மாணவருக்கும் பதின்மூன்றாவதாக இருந்த மாணவிக்கும் மொத்த மதிப்பெண்ணில் கால் மதிப்பெண்தான் வித்தியாசம். அந்தப் பெண்ணின் கட்டுரையை நாங்கள் மூன்று பேர் தனித்தனியாகப் படித்திருந்தோம். ஒருவர் ஆறு போட்டிருந்தார், ஒருவர் எட்டு, நான் ஒன்பது. அதே கட்டுரைதான், அதே மதிப்பீட்டு அட்டவணைதான். இன்னொருவர் படித்திருந்தால் அந்தக் கால் மதிப்பெண் அவள் பக்கம் சாய்ந்திருக்கலாம். பதின்மூன்றாவது இடத்துக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம், இல்லை. அன்று மாலை அவளுக்குக் கடிதம் போனது. அதில் அவள் கட்டுரையைப் பற்றியோ எங்கள் வாக்குவாதத்தைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. எல்லோருக்கும் போகும் அதே நான்கு வரிதான். அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு அவள் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மெரிட் என்று பெயர் இருந்தாலும் மதிப்பெண் மட்டுமே முடிவு செய்வதில்லை. பல நிதிகள் நன்கொடையாளர்கள் வைத்துவிட்டுப் போனவை. இந்தத் துறை மாணவருக்கு மட்டும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவருக்கு மட்டும் என்று நிபந்தனை இருக்கும். சில கல்லூரிகள் வேறு இடத்துக்குப் போய்விடக்கூடிய மாணவர்களை இழுப்பதற்காகவே மெரிட் பணத்தைப் பயன்படுத்துகின்றன. எந்தத் துறையில் ஆள் வேண்டும், இந்த வருடம் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லாத சங்கதிகள்.

கோட்டுக்கு மேலே நின்றவர், கீழே நின்றவர் என்ற இந்த வித்தியாசத்தை 1960இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். டொனால்ட் திஸல்துவெயிட், டொனால்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அங்கே பள்ளி மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுப்பதற்காக நடக்கும் ‘நேஷனல் மெரிட்’ தேர்வில் தகுதிக்கோட்டைத் தாண்டிச் சான்றிதழ் பெற்றவர்களையும், கோட்டுக்குக் கீழே நின்று பாராட்டுக் கடிதத்தோடு திரும்பியவர்களையும் ஒப்பிட்டார்கள். சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மற்ற ஸ்காலர்ஷிப்கள் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. அது உண்மையான நஷ்டம், இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் படிப்பின் மீதிருந்த நாட்டத்தையோ மேற்படிப்பு, ஆராய்ச்சி என்ற எதிர்காலத் திட்டங்களையோ அந்தச் சான்றிதழ் மாற்றியதாக அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நீங்கள் என்ன ஆக வேண்டும் என்று போன மாதம் நினைத்தீர்களோ அதை இந்தக் கடிதம் தொடத் தேவையில்லை.

சரி, கல்லூரிக்கு எழுதுவதற்கு வருவோம். ஒரே ஒரு மெயில், மரியாதையாக, சுருக்கமாக. ‘அவனுக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஏன் இல்லை?’ என்று கேட்காதீர்கள். அடுத்தவர் விண்ணப்பத்தைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்ல முடியாது, உங்கள் மெயிலும் அங்கேயே நின்றுவிடும். புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால்தான் மறுபரிசீலனை என்ற பேச்சுக்கே இடம் வரும். முடிவுக்குப் பின் வெளியான நல்ல மதிப்பெண், விண்ணப்பத்தில் நேர்ந்த பிழை, வீட்டு வருமானத்தில் திடீர் மாற்றம், இன்னொரு கல்லூரி எழுத்தில் கொடுத்திருக்கும் உதவி, இப்படி ஏதாவது ஒன்று. ‘நான் கடுமையாக உழைப்பேன்’ என்பது புதிய தகவல் ஆகாது. நான் மாணவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் மாதிரி இது:

“வணக்கம். என் விண்ணப்ப எண் இது. முடிவுக் கடிதம் கிடைத்தது, பரிசீலித்ததற்கு நன்றி. மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். காத்திருப்போர் பட்டியல் உண்டா, அதில் என் பெயர் இருக்கிறதா? விண்ணப்பித்த பிறகு வெளியான என் இறுதி மதிப்பெண்களை இணைத்துள்ளேன், மறுபரிசீலனைக்கு வழி இருந்தால் அதற்கான நடைமுறை என்ன? முதல் ஆண்டு முடிந்தபின் நான் விண்ணப்பிக்கக்கூடிய ஸ்காலர்ஷிப்கள் எவை? சீட்டை உறுதி செய்ய வேண்டிய கடைசித் தேதி நெருங்குவதால், அதற்கு முன் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.”

பல இடங்களில் மறுபரிசீலனையே கிடையாது. அப்படிப் பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஆனால் மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். துறை அளவில் கொடுக்கும் ஸ்காலர்ஷிப்கள் பற்றி முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை. எங்கள் துறையில் ஒரு வருடம் ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு இரண்டே பேர்தான் விண்ணப்பித்திருந்தார்கள்.

பணக் கணக்கை நாங்கள் அன்று ராத்திரியே போட்டோம். அப்பா ஒரு நோட்டில் கோடு கிழித்து, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பத்தி வைத்தார். ஃபீஸ், தங்கும் செலவு, புத்தகம், போக்குவரத்து. முதல் வருடக் கணக்கை மட்டும் பார்த்து ‘எப்படியோ சமாளிச்சிடலாம்’ என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பு முடியும் வரை போட்டுப் பாருங்கள், ஃபீஸ் நடுவில் ஏறலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டு. கழிக்கும்போது திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை மட்டும் கழியுங்கள். சில கல்லூரிகளின் உதவிக் கடிதத்தில் கடனும் ‘உதவி’ என்ற தலைப்பிலேயே வந்துவிடும். கடன் செலவைக் குறைக்காது, தள்ளித்தான் போடும்.

ஒப்பிடும்போது ஸ்காலர்ஷிப்பின் அளவைப் பார்க்காமல், மிச்சம் கட்ட வேண்டியதைப் பாருங்கள். ஒரு கல்லூரியின் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம், அது பாதியைத் தள்ளிக் கொடுக்கிறது. இன்னொன்றின் செலவு 40, அது எதுவும் தள்ளுவதில்லை. முன்னதில் கௌரவம் இருக்கிறது, பின்னதில் பத்து மிச்சம். கிடைக்காமல் போன ஸ்காலர்ஷிப்பின் விதிகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலான மெரிட் ஸ்காலர்ஷிப்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போகாமல் இருந்தால்தான் தொடரும். அதை வாங்கியவர்கள் நான்கு வருடமும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். நடுவில் இழந்துவிட்டு என்னிடம் வந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

எங்கள் கணக்கு ஒத்துவரவில்லை. எத்தனை முறை கூட்டினாலும் இரண்டாம் வருடத்தில் கை கடித்தது. கெடுவுக்கு முந்தின நாள் அந்தக் கல்லூரியை விட்டுவிட்டு, செலவு குறைந்த இன்னொன்றில் சீட்டை உறுதி செய்தேன். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது நெஞ்சு கனத்தது. அதை வெற்றி என்று அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன். பிடித்த இடத்தைப் பணத்துக்காக விடுவது துக்கம்தான். ஆனால் சேர்ந்த இடத்தில் முதல் மாதத்திலிருந்தே ஃபீஸ் பற்றிய பயம் இல்லாமல் படித்தேன்.

ஒரு வருடம் தள்ளிப் போட்டு மறுபடி முயலலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் முதலில் விதியைப் படியுங்கள். பல ஸ்காலர்ஷிப்கள் பள்ளி முடித்து நேராகச் சேரும் புதிய மாணவர்களுக்கு மட்டுமே. இடையில் வேறு கல்லூரியில் ஒரு பருவம் படித்துவிட்டால்கூடத் தகுதி போய்விடலாம்.

இந்த நேரத்தில் ‘உறுதியாக வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று யாராவது வந்தால் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். ஸ்காலர்ஷிப்பை யாராலும் உத்தரவாதமாக வாங்கித் தர முடியாது. அடி வாங்கிய வாரத்தில்தான் இப்படிப்பட்ட பேச்சு நம் காதில் இனிக்கும்.

என் நெருங்கிய தோழிக்கு அந்த ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ‘வாழ்த்துகள்’ என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் அவளிடம் பேசாமல் இருந்தேன். அவள் என்ன தப்பு செய்தாள்? கடைசியில் அவள்தான் வீடு தேடி வந்தாள். “உனக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும்டி, அதான் நானும் கூப்பிடலை” என்றாள். அந்த இரண்டு மாதமும் அவளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். உங்களுக்கு இப்படி ஒருவர் இருந்தால், ‘சந்தோஷம்தான், ஆனா எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்’ என்று நேராகவே சொல்லிவிடுங்கள். நல்ல நண்பருக்கு அது புரியும்.

தூக்கம், சாப்பாடு இரண்டும் வாரக்கணக்கில் கெட்டுப் போனால், இருப்பதிலேயே அர்த்தமில்லை என்று தோன்ற ஆரம்பித்தால், அதை ஸ்காலர்ஷிப் வருத்தம் என்று மூடி வைக்காதீர்கள். அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

இனி நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல நினைப்பது. 2018இல் தைஸ் போல் (Thijs Bol) என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நெதர்லாந்தின் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான நிதியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோட்டுக்குச் சற்று மேலே நின்று நிதி பெற்றவர்கள், சற்றுக் கீழே நின்று தவறவிட்டவர்களைவிட, அடுத்த எட்டு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேலான நிதியைச் சேர்த்திருந்தார்கள். தொடக்கத்தில் இரு சாராருக்கும் மதிப்பீட்டில் பெரிய வித்தியாசமே இல்லை. இந்த இடைவெளிக்கு ஒரு காரணம், தவறவிட்டவர்கள் அடுத்தடுத்த போட்டிகளில் விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டது. அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படி நின்றுவிடத்தான் இருந்தேன். மறுபடி விண்ணப்பிக்க எனக்குத் தடையாக இருந்தது ஒரே ஒரு வெட்கம். பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்த ஆசிரியரின் முகத்தில் எப்படி விழிப்பது?

மூன்று வாரம் அவர் இருக்கும் பக்கமே போகவில்லை. பிறகு வேறொரு ஸ்காலர்ஷிப்பின் கெடு நெருங்கியதால் வேறு வழியில்லாமல் போய் நின்றேன். “சார், போன தடவை நீங்க எழுதிக் கொடுத்தது… கிடைக்கலை சார்” என்றேன். அவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வருடா வருடம் எழுதுகிறார், எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தெரியாதா? மேசை இழுப்பறையைத் திறந்து, மேலேயே இருந்த என் பழைய கடிதத்தின் நகலை எடுத்தார். தேதியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டுக் கேட்டார்:

“எத்தனை காப்பி வேணும்மா?”